பூக்குழிக்கு இருபது பேர்

மலாக்கா மாநிலத் தோட்டக் கோயில்களின் நிர்வாகக் குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும்,

தீமிதிக்குப் பூக்குழி பரப்ப எத்தனை பேர் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையில் விறகு லோரி வந்து நின்றதுமே கணக்கு தொடங்கிவிடும். எந்தக் கட்டை நின்று எரியும், எது வெடித்துத் தெறிக்கும் என்று பார்த்து அடுக்க இரண்டு பெரியவர்கள். மாலையில் தணலைப் பரப்ப நீளக் கழியோடு பையன்கள் எட்டோ பத்தோ பேர். அந்தச் சூட்டில் ஒருவன் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. அவன் பின்வாங்குவான், அடுத்தவன் உள்ளே போவான். அவர்கள் முதுகில் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள். பிள்ளைகள் கயிற்றைத் தாண்டாமல் பார்க்க நாலு அக்காமார். பால்குழிப் பக்கம் தடுமாறி வருபவரைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர். இவர்களுக்கெல்லாம் மேலே, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தபடி வாயே திறக்காமல் ஒரு தாத்தா நிற்பார். அவர் கையைத் தூக்கினால் கழிகள் அப்படியே நிற்கும். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட இருபது பேர். யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் ஒரு ஆள் வராவிட்டால் வராதது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதே கோயிலுக்கு நூறு கஜம் தள்ளி, மாசி மாத மத்தியானத்தில் லாலான் புல் பற்றிக்கொண்டால் எத்தனை பேர் வருவார்கள்? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

“பொம்பா வரும்” என்பீர்கள். வரும். வருவது யார், எத்தனை பேர், எங்கிருந்து என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

பொம்பா என்று நாம் சொல்லும் தீயணைப்பு நம் நாட்டில் மாநில அரசாங்கத்தின் வேலை இல்லை. 1976 ஜனவரி 1 முதல் அது கூட்டரசின் கையில் இருக்கிறது. மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை, வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் கீழ் வருகிறது; தலைமையகம் புத்ராஜெயா; அதன் அதிகாரத்துக்கு அடிப்படை 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம். மாநிலத்துக்கு ஒரு இயக்குநர். அவருக்குக் கீழே நிலையங்கள்: நமக்கு ஆயர் குரோ, ஜாலான் கூபு, அலோர் காஜா, மஸ்ஜித் தானா, ஜாசின், ஜாசின் பெஸ்தாரி, மெர்லிமாவ் என்று போகும். ஒவ்வொரு நிலையத்திலும் ஆள்களைப் பிளாட்டூன்களாகப் பிரித்திருப்பார்கள்; முறை மாற்றி முறை. 999க்கு நீங்கள் அடித்த அழைப்பு மாநில இயக்க மையத்துக்குப் போகும். எந்த நிலையம் பக்கம், எந்த வண்டி சும்மா நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து அனுப்புவார்கள்.

கூட்டரசின் கையில் இருப்பதால் என்ன லாபம் என்று பூலாவ் செபாங்காரர்களைக் கேளுங்கள். அவர்கள் மலாக்கா, நடந்து போனால் தம்பின், அது நெகிரி செம்பிலான். மாநில எல்லை எங்கே ஓடுகிறது என்று வெளியூர்க்காரனால் கண்டுபிடிக்க முடியாது. நெருப்புக்கு அந்தக் கோடு தெரியாது, பொம்பாவும் அதைப் பார்க்கத் தேவையில்லை. எது பக்கமோ அது ஓடி வரலாம். பத்தாங் மலாக்காவிலும் அதே கதை. கேசாங் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் ஜொகூர். காடும் நிலமும் மாநிலத்துக்குச் சொந்தம், அங்கே பற்றும் தீயை அணைக்கும் வண்டி கூட்டரசுக்குச் சொந்தம், எரிகிற செம்பனை ஏதோ ஒரு கம்பெனிக்குச் சொந்தம். மூன்று பேருக்கு நடுவில் கோயில்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். எஃப்.ஆர்.டி என்று எழுதிய பெரிய சிவப்பு வண்டி, அதற்குத் தம்பி எல்.எஃப்.ஆர்.டி என்ற இலகு வண்டி, பின்னால் தண்ணீர் டாங்கி. பத்திரிகையில் ஒரு தீ விபத்துச் செய்தியை எடுத்துப் பாருங்கள். ஒரு அதிகாரியின் தலைமையில் ஏழெட்டு வீரர்கள், ஒன்றோ இரண்டோ வண்டி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்த ஏழெட்டில் ஓட்டுநர் வண்டியையும் பம்பையும் விட்டு நகர முடியாது. தலைவர் நின்று பார்க்க வேண்டும். ஹோஸ் பிடிப்பவனுக்குப் பின்னால் இன்னொருவன் நிற்காவிட்டால் தண்ணீரின் வேகம் அவனைக் கீழே தள்ளிவிடும். மிச்சம் எத்தனை பேர் என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

காட்டுத் தீக்கென்று தனியாக ஒரு படை நம் நிலையங்களில் உட்கார்ந்திருக்கவில்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நசுங்கிய காரை வெட்டி ஆளை எடுப்பவர்களும், பள்ளிக்கூடக் கூரையில் குளவிக்கூடு கலைப்பவர்களும், விரலில் மாட்டிய மோதிரத்தை அறுத்து எடுப்பவர்களும், வெள்ளத்தில் படகு ஓட்டுபவர்களும், லாலான் தீக்கு வருபவர்களும் அதே ஏழெட்டுப் பேர்தான். ஒரு காய்ந்த புல்வெளி அந்த வண்டியை இரண்டு மணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டால், அந்த இரண்டு மணி நேரம் தாமானில் ஒரு வீட்டுக்குப் பக்கத்து வண்டி இல்லை. அடுத்த ஊரிலிருந்துதான் வர வேண்டும். புல் எரிந்தால் என்ன, மறுபடி முளைக்கும் என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. லாலான் முளைக்கும், உண்மை. அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, மேலே எரிந்தால் அதற்குக் கொண்டாட்டம். அந்த நேரத்தில் பக்கத்து ஊரில் எரிந்த சமையலறை முளைக்காது.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. அமெரிக்காவில் காட்டுத் தீ வண்டிகளுக்கு வகை எண் உண்டு. மூன்றாம் வகை என்றால் குறைந்தது 500 கேலன் தண்ணீர், குறைந்தது மூன்று பேர். ஆறாம் வகை சின்ன வண்டி. இரண்டு பேர் போதும். வண்டியே இல்லாமல் மண்வெட்டி, கோடாரியோடு நடந்து போகிற குழுவும் உண்டு, அதில் 18 முதல் 20 பேர். வண்டியின் வகையைச் சொன்னாலே ஆள் கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. ஆள் குறைந்தால் அந்த வண்டி அந்த வகையில் சேர்த்தி இல்லை. இது எனக்குப் பிடித்தது. பிடிக்காததும் ஒன்று உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் அந்த மண்வெட்டிக் குழுக்களில் பல சிறைக்கைதிகளைக் கொண்டவை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்தபோது ஆயிரத்தை ஒட்டிய கைதிகள் களத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு அப்போது நாள் கூலி 5.80 டாலரிலிருந்து 10.24 டாலர் வரை, தீ எரியும் நேரத்துக்கு மணிக்கு ஒரு டாலர் கூட. நாள் கூலிக்கு அடுத்தவன் காட்டைக் காப்பாற்றுவது என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நமக்கும் ஒரு படை இருந்தது. அதை நான் பார்த்திருக்கிறேன்.

1983 மார்ச். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், பேர் வேண்டாம். எனக்குப் பதினொரு வயது. அப்பா மண்டோர். பால்மரம் இலை உதிர்க்கும் காலம் அது. உங்களில் ஐம்பது தாண்டியவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் இருக்கும். நிரைக்குள் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குவது போல் இருக்கும். அந்த வருஷம் மழையே இல்லை. கிழக்குக் கலிமந்தானில் 35 லட்சம் ஹெக்டர் அளவுக்குக் காடு எரிந்த எல் நினோ வறட்சி அதுதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது புகை மட்டும்.

பெரட்டுக் களத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை யாரோ அடித்தார்கள். விடிகாலை அடிக்கிற அடி வேறு, இது வேறு, நிற்காமல் அடிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் லயம் காலி. வெட்டுக்காரர்கள் ஒரு வரிசை, களைவெட்டுக் கூட்டம் ஒரு வரிசை. தினமும் காலையில் எந்த வரிசையில் நின்று பேர் கொடுத்தார்களோ அதே வரிசை. அதனால் யாரும் யாரிடமும் எங்கே நிற்பது என்று கேட்கவில்லை. களைவெட்டுக்காரர்கள் தீ வருகிற வழியில் வாருகோலாலும் மண்வெட்டியாலும் சருகை இரண்டு பக்கமும் ஒதுக்கி, ஆறடி அகலத்துக்குச் செம்மண் தெரியும்படி ஒரு பாதை இழுத்துக்கொண்டே போனார்கள். வெறும் மண்ணில் நெருப்புக்குத் தின்ன ஒன்றுமில்லை. ஆண்கள் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்தார்கள். பெண்கள் பால் வாளியில் குட்டைத் தண்ணீரைக் கை மாற்றி அனுப்பினார்கள். தண்ணீர் நெருப்பில் ஊற்றுவதற்கு இல்லை. கொப்பை நனைக்க, துண்டை நனைக்க, குடிக்க.

அப்பா கத்திக்கொண்டிருந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “தலைக்கு முன்னால நிக்காத! விலாவுல அடி! கால் கரிப் பக்கம் இருக்கணும்!” நெருப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது தலை. அதன் முன்னால் நின்றால் காற்று ஒரு தடவை எழும்பினால் போதும். பக்கவாட்டில், எரிந்து முடிந்த கரிமேல் காலை வைத்துக்கொண்டு அடித்தால், ஓட வேண்டி வந்தால் ஓட இடம் இருக்கும். பயிற்சிக் கல்லூரியில் சொல்லித்தருவதும் இதுதான். அப்பா படித்தது இரண்டாம் வகுப்பு.

அணைத்து முடித்ததும் கிராணியார் செக்ரோல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். சம்பளத்துக்கு இல்லை. ஒவ்வொரு பேராகப் படித்தார். எல்லாரும் கரி பூசிய முகத்தோடு “வந்தாச்சு, வந்தாச்சு” என்றார்கள். ஒரு பேருக்கு மட்டும் சத்தம் இல்லை. மறுபடி படித்தார். அந்தப் பையனின் அம்மா கையிலிருந்த வாளியைக் கீழே போட்டார். அந்த வாளி உருண்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். கடைசியில் அவன் கோயில் அரசமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தான். புகையில் தலை சுற்றி வந்து படுத்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். அப்பா அவனை ஒரு அறை விட்டார், பிறகு காப்பி வாங்கிக் கொடுத்தார். தீயை விட அந்தப் பேர் வாசிப்புதான் அன்று என்னைப் பயமுறுத்தியது. உள்ளே போனவர்கள் எத்தனை பேர், வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தெரிந்த கூட்டம் அது.

அந்தக் கூட்டம் இன்று இல்லை. 1896இல் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து தொடங்கிய கதை, நம் காலத்தில் செம்பனையாக மாறி முடிந்தது. லயங்கள் இடிந்தன. பிள்ளைகள் பெம்பான், மெர்லிமாவ், ஆயர் குரோ தாமான்களுக்கும், கிள்ளானுக்கும், ஜொகூர் பாருவுக்கும், கடல் தாண்டி சிங்கப்பூருக்கும் போனார்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும். நல்ல மனிதர்கள், ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுகிறவர்கள். மறுநடவின்போது பழைய மரங்களைக் கொளுத்தும் வழக்கத்தை 1980களின் கடைசியிலிருந்து பெரிய கம்பெனிகள் விட்டுவிட்டன, துண்டு போட்டு மண்ணிலேயே மக்க விடுகிறார்கள். அது நல்லதுதான். கூடவே, நெருப்பை மூட்டவும் கட்டவும் தெரிந்த கடைசித் தலைமுறையும் ஓய்வு பெற்றுவிட்டது. அந்தத் தண்டவாளத் துண்டு பழைய இரும்புக்குப் போயிற்று. மிஞ்சியிருப்பது கோயில். தோட்டத்தில் இன்னும் தமிழன் பேரைப் படித்து ஆள் எண்ணுகிற ஒரே அமைப்பு உங்கள் நிர்வாகக் குழு. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கொஞ்சம் கசப்பாக ஒன்று. நெருப்பு எங்கிருந்தோ வருகிறது என்ற பாவனையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பல நேரம் நாமேதான் வைக்கிறோம். மலாக்காவில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வறட்சி. அதன் வாசலில் போகி. பழைய பாய், கிழிந்த தலையணை, வாசல் தோரணம் எல்லாம் ஒரு குவியல், ஒரு தீக்குச்சி. பிறகு தைப்பூசம், பிறகு மாசி மகம். செங் சன்னாசிமலைக்குத் தேர் போகும் நாளில் தார் ரோடு கொதிப்பதை நடந்தவர்கள் அறிவார்கள். திருவிழா முடிந்த மறுநாள் கோயிலுக்குப் பின்பக்கம் காய்ந்த மாலை, தென்னங்கீற்று, வாழைமட்டை, பிளாஸ்டிக் தட்டு எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்துகிறோம். இடுகாட்டில் திதிக்கு முன்னால் புல் வெட்டச் சோம்பல்பட்டு ஒரு பக்கம் நெருப்பை வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறோம். ஏப்ரலில் சீனர்கள் செங் பெங்குக்கு காகிதம் எரிப்பதைப் பற்றிப் பேச நமக்கு வாய் நீளும்.

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், பிரிவு 29ஏ, திறந்தவெளியில் எரிப்பதைக் குற்றம் என்கிறது. ஐந்தாண்டு வரை சிறை, லட்சக்கணக்கில் வெள்ளி அபராதம். சமயச் சடங்குக்கும் தகனத்துக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கை நாம் நம் வசதிக்கு இழுக்கக் கூடாது. அக்கினி குண்டம் சடங்கு. காய்ந்த மாலையைப் பின்னால் கொளுத்துவது யாகம் ஆகாது.

2013 ஜூன் நினைவிருக்கிறதா? மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746க்குப் போனது. மூவாருக்கும் லேடாங்குக்கும் அவசரகாலம் அறிவித்தார்கள். இங்கே நம் பள்ளிகளையும் மூடினார்கள். அது சுமத்ராவிலிருந்து வந்த புகை. எரிந்தது பெரும்பாலும் சதுப்பு மண், மலாய்க்காரர்கள் தானா காம்புட் என்பார்களே, அது. மேலே அணைந்தாலும் உள்ளே வாரக்கணக்கில் கனலும் மண். ஜொகூரின் போந்தியானிலும் சிலாங்கூரின் கோலா லங்காட்டிலும் பொம்பாக்காரர்கள் அதோடு படும் பாடு பெரிது: குழாய்க்கிணறு போட்டு, வாய்க்காலை மறித்து, நிலத்தையே ஊற வைக்க வேண்டும். 1997இல் இந்தோனேசியத் தீயை அணைக்க நம் நாட்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் போனார்கள். மலாக்காவில் அப்படிப்பட்ட மண் அவ்வளவாக இல்லை. நம் தீ மேலோட்டமான தீ; புல், சருகு, மட்டை. பயிற்சி பெற்ற இருபது பேர் அரை மணி நேரத்தில் கட்டுப்படுத்தக்கூடிய தீ. அதற்குத்தான் ஏழெட்டுப் பேரைப் பட்டணத்திலிருந்து வரவழைக்கிறோம்.

வரவழைத்தாலும், வண்டி உள்ளே வருமா? திருட்டுக்குப் பயந்து கம்பெனி தோட்டத்தைச் சுற்றி அகழி வெட்டியிருக்கிறது. வழியில் கேட், கேட்டில் சங்கிலி. பூட்டை உடைத்து உள்ளே போகப் பொம்பாவுக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது, ஆனால் உடைக்கிற நேரத்துக்குப் புல் காத்திருக்காது. மரப்பாலம் லோரி கனத்தைத் தாங்குமா என்று ஓட்டுநர் இறங்கிப் பார்க்க வேண்டும். 999க்குக் கூப்பிட்டவர் இடம் எங்கே என்றால் “மாரியம்மன் கோயில் பக்கம்” என்பார். ஜாசின் வட்டாரத்தில் எத்தனை மாரியம்மன்! தோட்டத்தில் தெருப்பெயர் கிடையாது, நட்ட வருஷத்தையும் பீல்டு நம்பரையும்தான் சொல்வோம். அது இயக்க மையத்தின் வரைபடத்தில் இருக்காது.

தண்ணீர்? 1984ஆம் ஆண்டின் கட்டட உபவிதிப்படி, பொம்பா வண்டி வந்து நிற்கும் இடத்திலிருந்து 91.5 மீட்டருக்குள் ஒரு பிலி பொம்பா, அதாவது தீயணைப்புக் குழாய், இருக்க வேண்டும். முப்பது மீட்டர் ஹோஸ் மூன்றைக் கோத்தால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வரும். தாமானில் அது இருக்கிறது. தோட்டக் கோயிலுக்கு எங்கே? டாங்கி வண்டி போய்ப் போய் வர வேண்டும், இல்லையென்றால் குட்டையில் பம்பை இறக்க வேண்டும். 1991இல் டுரியான் துங்கால் அணை காய்ந்தபோது மாதக்கணக்கில் தண்ணீர் லோரிக்கு வாளியோடு வரிசையில் நின்றோம். ஜூஸ் அணை வந்த பிறகும் 2020 ஜனவரியில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எரிவதும் குழாய் வற்றுவதும் ஒரே மாதத்தில் வரும்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். புதிதாக ஒன்றும் இல்லை. நாட்டில் சீனப் புதுக்கிராமங்கள் பலவற்றில் தன்னார்வத் தீயணைப்புப் படை இருக்கிறது, பொம்பா சுகாரேலா என்பார்கள். பிரிட்டிஷ் காலத்து அவசரகாலத்தில் பலகை வீடுகளை நெருக்கி வைத்துக் கட்டிய ஊர்கள் அவை. ஒரு வீடு பிடித்தால் தெருவே போகும் என்ற பயத்தில் பிறந்த படைகள். சந்தா போட்டு, நன்கொடை திரட்டி, பழைய வண்டி வாங்கி, இரவில் முறை போட்டுக் காவல் இருந்தார்கள். இன்று பொம்பாத் துறை அவர்களைப் பதிவு செய்து, பயிற்சி தந்து, அமைச்சு ஆண்டு மானியமும் தருகிறது. அதற்கு அடுத்த படி பொம்பா கொமுனிட்டி. இதற்கு வண்டி வேண்டாம். பெரிய வண்டி வருவதற்கு முன்னான அந்த முதல் நிமிடங்களில் தெருக்காரர்களே ஹோஸ் பிடிக்கவும், ஆளை வெளியேற்றவும், வழி காட்டவும் நிலையத்தார் வந்து சொல்லித் தருவார்கள். மலாய்க் கம்பங்களிலும் தாமான்களிலும் இது இருக்கிறது. நம் கோயிலைச் சுற்றி ஏன் இல்லை என்று யோசித்தேன்.

யோசித்ததில் ஒரு காரணம் கிடைத்தது. கூட்டத்தில் யாரும் சொல்லாத காரணம். கோயில் நிற்பது கம்பெனி நிலத்தில். பட்டா இல்லை. அரசாங்க வண்டி உள்ளே வந்து, அதிகாரி அளவெடுத்து, ஏதாவது எழுதிக்கொண்டு போனால் அது நிலப் பிரச்சினையாக மாறிவிடுமோ என்ற பயம். இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். கோயில் இடம் மாறிய வலி நமக்குத் தெரியும். ஆனால் பொம்பா அதிகாரி பார்ப்பது கேஸ் தோம்பு எங்கே இருக்கிறது, ஒயர் தேய்ந்திருக்கிறதா, தண்ணீர் எங்கே என்பதை. நிலக் கிராண்ட் கேட்பது நில அலுவலகம். அது வேறு கட்டடம், வேறு ஆள். பயிற்சி பெற்ற இருபது பேர் இருக்கும் கோயிலைத் தோட்ட மானேஜரும் கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்ப்பார். எரிகிற செம்பனை அவருடையதல்லவா?

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உறுமி மேளக் குழுவில் முப்பது பையன்கள் இருக்கிறார்கள். ஒரே நிறச் சட்டை, வாட்ஸ்அப் குழு, தலைவன், துணைத் தலைவன், வேன். ராத்திரி பத்து மணிக்குச் செய்தி போட்டால் பதினைந்து நிமிடத்தில் வந்து நிற்கிறார்கள், சத்தம்தான் தாங்கவில்லை. இதைவிடத் தயாரான படை எந்த நிலையத்தில் கிடைக்கும்? அக்காமாரை விட்டுவிடாதீர்கள், அன்னதானத்துக்கு அறுநூறு பேருக்குப் பந்தி நடத்துகிறவர்களுக்கு வாளி வரிசை ஒரு வேலையே இல்லை.

ஆனால் பயிற்சி இல்லாமல் பையன்களைப் புகைக்குள் அனுப்பாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தமிழ்நாட்டில், தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஓடுகிற வேகத்தை மனிதக் கால் தாண்டாது. கைலி கட்டிக்கொண்டும் நைலான் ஜெர்சி போட்டுக்கொண்டும் கொப்பு ஒடிக்கப் போகிறவன் வீரன் கிடையாது. நெருப்பில் நைலான் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சட்டை, முழுக்கால் சட்டை, பூட்ஸ், நனைத்த துண்டு, உள்ளே போனவன் பேரை எழுத வெளியே ஒரு ஆள்.

இன்னொன்று, எஸ்.பி.எம் முடித்த பிள்ளைகளைப் பற்றி. அடுத்த தடவை பொம்பா வண்டி சாலையில் போகும்போது அதில் நம் முகம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அடிமட்டத் தீயணைப்பு அதிகாரி வேலைக்கு எஸ்.பி.எம் தகுதி, விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையம் வழியாக, எஸ்.பி.ஏ என்று பிள்ளைகளுக்குத் தெரியும். உயரம், எடை, கண், நிறக்குருடு பார்ப்பார்கள், ஓட விடுவார்கள். தேறினால் கோலா குபு பாரு போன்ற பயிற்சிக் கழகத்தில் மாதக்கணக்கில் பயிற்சி. பெண் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். நம் வீட்டில் என்ன நடக்கிறது? டாக்டர், வக்கீல், எஞ்சினியர், அதில் எதுவும் வராவிட்டால் சிங்கப்பூர். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, “நெருப்புக்குள்ள போற வேலைக்கா பிள்ளை பெத்தேன்?” என்றார். அவர் மகன் ஒவ்வொரு ஆடியிலும் பூக்குழி இறங்குகிறவன்.

நிர்வாகக் கூட்டத்தில் வரவு செலவு, கும்பாபிஷேகம், கூரை ஒழுகல் எல்லாம் பேசி முடித்த பிறகு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் பக்கத்து நிலையத் தலைவருக்கு ஒரு கடிதம் போட்டால் வருவார். தேநீர் கொடுங்கள், கோயிலைச் சுற்றி நடத்திக் காட்டுங்கள். கேட் சாவிக்கு ஒரு நகல் கேட்டு மானேஜரைப் பாருங்கள். ஒரு நோட்டில் இருபது பேர் எழுதுங்கள். பக்கத்தில் போன் நம்பர், அதற்குப் பக்கத்தில் எந்த வேலை. தாத்தா ஒருவர் காற்றைப் பார்க்க வேண்டும், அதையும் எழுதுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் வாசலிலிருந்து பக்கத்துக் குட்டை வரை நடந்து அளந்தேன். 340 அடி. முப்பது மீட்டர் ஹோஸ் நாலு வேண்டும். எங்களிடம் இருப்பது நந்தியாவட்டைக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய் ஒன்று. நடுவில் ஓட்டை, அதில் யாரோ சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கேட் சாவி காவலர் கையில். இரவு ஏழு மணிக்கு மேல் அவர் கடைசி கேட்டுக்குப் போய்விடுவார், அங்கே போன் எடுக்காது. உங்கள் கோயிலில் எத்தனை அடி என்று அளந்து எனக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய மண்டோரின் மகன்,
ஜாசின், மலாக்கா.